வாசற்கதவருகே ஓர் ஆணி



குடும்பத்தில் ஒரு மூத்தவர் கண்மூடி விட்டால் நாம் அவருக்காக துஆச் செய்கிறோம். அவர் பெயரால் ஸதகா கொடுக்கிறோம். அவர் இருந்த கதிரையைப் பார்த்துக் கண்கலங்குகிறோம். ஆனால், அவர் வாழ்நாள் முழுவதும் நமக்குச் சொல்லிக் கொண்டிருந்த விஷயம் என்ன, அதில் எதை நாம் கைக்கொண்டோம் என்று எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு.

இம்மாதம் எனது உம்மாவின் வாப்பாவைப் பற்றி எழுதுகிறேன். நாங்கள் அவரை ‘அப்பா’ என்றுதான் அழைப்போம். அவர் ஆலிமல்லர், செல்வந்தருமல்லர். கொழும்பு மாநகர சபையின் தீயணைப்புப் படையில் முப்பத்திரண்டு வருடங்கள் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எனினும், அவர் விட்டுச் சென்ற பாடம் ஒன்று உங்கள் வீட்டிலும் ஓர் உயிரைக் காக்கக் கூடும். அதனால்தான் இந்தப் பக்கத்தில் அவரைப் பற்றிப் பேசத் துணிந்தேன்.

அப்பா பிறந்தது 1925இல். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மீது குண்டு வீசியபோது அவருக்குப் பதினேழு வயது. கையில் கிடைத்ததைச் சுருட்டிக் கொண்டு ஊரை விட்டு ஓடியவர்களை அன்று அவர் பார்த்தார். “எல்லாரும் ஒரு பக்கமா ஓடினாங்க மகள். நாலைஞ்சு பேர் மட்டும் மத்தப் பக்கமாப் போனாங்க. அந்த நாலைஞ்சு பேரோட சேரணும்னு ஆசை வந்திச்சி” என்பார். நாடு சுதந்திரமடைந்த 1948ஆம் ஆண்டில் அந்த ஆசை நிறைவேறியது.

அக்காலத்தில் அவரோடு வேலை செய்தவர்களில் மலாய்ச் சகோதரர்கள் பலர். 1873இல் இலங்கை ரைபிள் படையணி கலைக்கப்பட்ட பின்னர் மலாய் மக்கள் பொலிஸிலும் தீயணைப்புப் படையிலும் சேர்ந்து பேர் பெற்றார்கள். படையின் தலைமை நிலையம் இருக்கும் வீதிக்கு, மலாய்ச் சமூகம் தந்த பெருமகனும் ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராகப் பணியாற்றியவருமான டி. பி. ஜாயா அவர்களின் பெயரே இன்று வழங்குகின்றது. அப்பாவுக்கு மட்டும் அது கடைசி வரை ‘டார்லி ரோட்’ தான்.

தீயணைப்பு வீரர் என்றதும் ஏணியில் ஏறி, ஜன்னலை உடைத்து, குழந்தையைத் தூக்கி வரும் காட்சிதான் நம் கண்ணில் தோன்றும். அப்பா சொன்ன வேலையோ வேறு. மணி அடித்தால் ஓட வேண்டும் என்பதற்காகச் சப்பாத்தையும் காற்சட்டையையும் ஒன்றாகச் செருகி வைத்துவிட்டுத் தூங்க வேண்டும். ஒரு மணித்தியாலம் நெருப்போடு போராடினால், பிறகு பல மணித்தியாலம் கன்வஸ் குழாய்களைக் கழுவி, தொங்கவிட்டு, உலர்த்த வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் கன்வஸ் உக்கிவிடும். உக்கிய குழாய் அடுத்த தீயில் வெடித்துவிடும். “நெருப்போட சண்டை கொஞ்ச நேரம். மீதி எல்லாம் ஆயத்தம்” என்பார். கிணற்றில் விழுந்த ஆட்டையும் மாட்டையும் தூக்குவது, வெள்ளம் வந்தால் படகோடு போவது, மரம் முறிந்தால் வெட்டி வழி விடுவது எல்லாமே அந்த வேலைதான்.

வீட்டில் அவர் கதை சொல்லும் மனிதரல்லர். இரவுக் கடமை முடிந்து வந்தால் நேராகக் கிணற்றடிக்குப் போவார். குளித்து, உடுத்து, தொழுத பிறகுதான் உம்மும்மா பிளேன்டீ கொடுப்பார். அவர் ஒன்றும் கேட்க மாட்டார். இவரும் ஒன்றும் சொல்ல மாட்டார். உடுப்பில் என்ன வாடை வருகிறது என்பதை வைத்தே எரிந்தது மரக்காலையா, துணிக்கடையா, வீடா என்று உம்மும்மா தெரிந்து கொள்வாராம். வீடு எரிந்த நாளில் அப்பா சாப்பிடுவதற்கு முன்னர் தூங்கிக் கிடக்கும் பிள்ளைகளின் தலையை ஒவ்வொன்றாகத் தடவிவிட்டு வருவாராம்.

நான் கண்டது ஓய்வு பெற்ற அப்பாவை. ஒவ்வோர் இரவும் இஷாவுக்குப் பிறகு அவர் வீட்டைச் சுற்றி வருவார். குசினியில் அடுப்பு அணைந்ததா, விறகுத் தணல் சாம்பலால் மூடப்பட்டதா, மண்ணெண்ணெய்ப் போத்தல் அடுப்பை விட்டுத் தூரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார். வியாழன் பின்னேரம் புகைத்த சாம்பிராணிச் சட்டியைத் தானே தூக்கிக் கொண்டு போய் முற்றத்தில் வைப்பார். நுளம்புச் சுருளுக்குக் கீழே தகரத் தட்டு வைப்பார். கடைசியாக வாசற்கதவின் திறப்பைத் தொட்டுப் பார்ப்பார். இரவில் திறப்பைக் கதவிலிருந்து எடுத்து அலுமாரியில் வைப்பது அவர் வீட்டில் ஆகாத காரியம். “கள்ளனுக்குப் பயந்து பூட்டுறோம். புகை வந்தா நாமதான் உள்ளுக்கு மாட்டிக்கொள்ளுவோம்” என்பார்.

அந்தத் திறப்புக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்தது. ஆணியில் பழைய வெள்ளைத் துப்பட்டி ஒன்று தொங்கும். பருத்தித் துணி, தலையிலிருந்து கால் வரை மூடக்கூடியது. வெளியே போகும்போது அதை யாரும் எடுக்கக் கூடாது. கழுவினாலும் காய்ந்த உடனே அந்த ஆணிக்கே போய்விட வேண்டும். தொழுகைக்கு வைத்திருக்கிறார்கள் என்றுதான் சிறுவயதில் நான் எண்ணிக் கொண்டிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் கலியாணம் முடித்துப் புது வீட்டுக்குப் போவதற்கு முந்திய நாள் அப்பா அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு சம்பவத்தைச் சொல்வார். எனக்கும் சொன்னார்.

1960களின் தொடக்கம். கொழும்பிலே நெருக்கமான ஒரு தோட்டம். பலகை வீடுகள், வண்டி போக முடியாத ஒழுங்கை. நடு இரவில் ஒரு வீட்டில் குப்பி விளக்கு சரிந்து தீப்பற்றிக் கொண்டது. குடும்பம் முழுவதும் வெளியே வந்துவிட்டது. இளம் தாய் ஒருத்தி குழந்தையோடு தப்பி வந்து ஒழுங்கையில் நின்றாள். இரவு உடுப்பு, தலையில் துணியில்லை. சத்தம் கேட்டு ஓடி வந்த ஆண்கள் கூட்டம் கையில் லாந்தரோடு நிற்கிறது. அவள் குழந்தையை மாமியின் கையில் கொடுத்தாள். “ஒரு துணி எடுத்திட்டு வாறேன்” என்று உள்ளே போனாள்.

அப்பாவின் ஆட்கள் வீதியிலிருந்து குழாயை இழுத்துக் கொண்டு வந்து சேர்ந்தபோது அவள் வெளியே வந்திருக்கவில்லை. கதவிலிருந்து மூன்று எட்டுத் தூரத்தில்தான் அவளைக் கண்டெடுத்தார்கள். நெருப்பு அவளைத் தொட்டிருக்கவில்லை. புகைதான் உயிரைக் குடித்தது. கையில் துணி இருந்தது.

“அவ செஞ்சது பிழைண்டு நான் சொல்ல மாட்டேன் மகள். ஹயா உள்ள புள்ள. ஆனா அங்க நின்ட ஆம்புளைகள்ள ஒருத்தன் தோள்ள கெடந்த சால்வைய எறிஞ்சிருந்தாப் போதும். ஒருத்தன் முகத்தத் திருப்பிக் கொண்டிருந்தாப் போதும்” என்று சொல்லும்போது எழுபது வயதைக் கடந்த அந்த மனிதரின் குரல் உடையும்.

அன்றிலிருந்து, தீ விபத்து நடந்த எந்த வீட்டுக்குப் போனாலும் அப்பா முதலில் கூட்டத்தைப் பார்த்துத்தான் சத்தம் போடுவாராம்: “பார்க்க வந்தவங்க திரும்பி நில்லுங்க. சால்வை இருக்கிறவங்க கழட்டிக் குடுங்க.” அதற்குப் பிறகுதான் தண்ணீர். ஆணியும் துப்பட்டியும் அந்த வாரமே அவர் வீட்டுக் கதவருகே வந்துவிட்டன. புது மணப்பெண்ணுக்கு அவர் கொடுக்கும் அன்பளிப்பும் அதுதான்: ஒரு பருத்தித் துப்பட்டி, ஓர் ஆணி.

சகோதரிகளே, இந்த இடத்தில் மார்க்கம் என்ன சொல்கிறது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். நிர்ப்பந்தமான நிலை தடுக்கப்பட்டவற்றையும் ஆகுமாக்கிவிடும் என்பது பிக்ஹுச் சட்டத்தின் அறியப்பட்ட விதிகளுள் ஒன்று. ஷாபிஈ மத்ஹபின் பெரும் அறிஞரான இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள், நீரில் மூழ்குபவரைக் காப்பாற்றுவது தொழுகையை நிறைவேற்றுவதற்கும் முந்தியது என்றும், தொழுகையைப் பின்னர் நிறைவேற்றிக் கொள்ளலாம் என்றும் விளக்கியிருக்கிறார். தொழுகையே காத்திருக்கலாம் என்றால், தலைத் துணி காத்திருக்காதா? ஓர் உயிரைக் காப்பது மனித குலம் முழுவதையும் காத்ததற்குச் சமம் என்று சூரத்துல் மாஇதா நமக்குக் கற்பிக்கின்றது. அந்த ஓர் உயிர் உங்களுடைய உயிராகவும் இருக்கலாம்.

2002 மார்ச் 11ஆம் திகதி புனித மக்கா நகரில் பெண்கள் பாடசாலை ஒன்றில் தீப்பிடித்து 15 மாணவிகள் இறந்தார்கள். மேலாடையின்றி வெளியேற முயன்ற மாணவிகள் தடுக்கப்பட்டார்கள் என்று சவூதிப் பத்திரிகைகளே எழுதின. அரசாங்கத் தரப்பு அதனை மறுத்தது. பெரும் சர்ச்சை எழுந்து, அம்மாதமே பெண்கள் கல்வி நிர்வாகம் அந்நாட்டுக் கல்வி அமைச்சின் கீழ் கொண்டு வரப்பட்டது. அச்செய்தியைப் பத்திரிகையில் வாசித்த அப்பா, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அங்கயும் ஒரு ஆணி இல்லாமப் போச்சே” என்றார்.

அப்பாவின் இரவுச் சுற்றுக்கும் ஓர் அடிப்படை இருந்தது. மதீனாவில் ஒரு வீடு இரவில் குடும்பத்தோடு எரிந்து போன செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்கப் போகும்போது அதனை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அவர்கள் கூறியதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கின்றது. எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக் கூடும் என்ற எச்சரிக்கையும் ஹதீஸில் உண்டு. “நம்மட நபி அவங்க பதினாலு நூற்றாண்டுக்கு முன்னயே தீயணைப்புப் பாடம் எடுத்திருக்கிறாங்க” என்று அப்பா பெருமையோடு சொல்வார். கதவைச் சாத்தி, பாத்திரத்தை மூடி, விளக்கை அணைத்துவிட்டு உறங்குவது அவருக்கு வேலைப் பழக்கமாக மட்டும் இருக்கவில்லை, ஸுன்னத்தாகவும் இருந்தது.

குப்பி விளக்கின் மீது அவருக்குத் தீராத கோபம். போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி, மூடியைத் துளைத்துத் திரி போட்ட விளக்கு தட்டுப்பட்டால் உருண்டு ஓடும், எண்ணெய் சிந்தும். மின்சாரம் இல்லாத வீடுகளில் இதனால் எத்தனையோ பெண்களும் பிள்ளைகளும் கருகினார்கள். இந்தக் காயங்களுக்குச் சிகிச்சை அளித்து மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் டாக்டர் விஜய கொடகும்புர, 1992இல் ‘சுதீபா’ என்ற பாதுகாப்பான விளக்கை உருவாக்கினார். மார்மைட் போத்தலைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த எண்ணம் தோன்றியதாம். குள்ளமான, பாரமான கண்ணாடி. உருளாமல் இருக்க இரண்டு தட்டையான பக்கங்கள். திருகி மூடும் உலோக மூடி. அவ்வளவுதான். அதற்காக 1998இல் அவருக்குச் சர்வதேச ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அப்பா தமது ஓய்வூதியத்தில் சில விளக்குகளை வாங்கி, தெரிந்த ஏழை வீடுகளுக்குக் கொண்டு போய்க் கொடுத்தார். பழைய குப்பி விளக்கைப் பதிலுக்கு வாங்கி வந்து உடைத்துப் போடுவார்.

1995 ஒக்டோபர் 20ஆம் திகதி கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள் தாக்கப்பட்டு எரிந்தபோது கரும்புகை கொழும்பு வானத்தையே மூடிக் கொண்டது. எழுபது வயது அப்பா முற்றத்தில் நின்று, போகும் வண்டிகளின் சைரன் சத்தத்தைக் கேட்டபடி ஒவ்வொன்றுக்கும் துஆச் செய்து கொண்டிருந்தார். எண்ணெயில் எரியும் தீயைத் தண்ணீர் அணைக்காது, நுரைதான் வேண்டும் என்று எங்களுக்கு விளக்கியதும் அன்றுதான். அந்தப் பெரிய தீயில் சொன்ன பாடமே நமது தாச்சிச் சட்டிக்கும் பொருந்தும்.

அப்பா எங்களுக்குச் சொல்லித் தந்தவற்றையும், பிற்காலத்தில் நாம் அறிந்துகொண்டவற்றையும் சுருக்கமாகத் தருகிறேன். வெட்டிக் குசினிச் சுவரில் ஒட்டிக் கொள்ளுங்கள்.

* பொரிக்கும் எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஊற்றினால் எரியும் எண்ணெய் சீறிப் பறக்கும். சட்டியைத் தூக்கிக் கொண்டு ஓடவும் வேண்டாம். அடுப்பை அணைத்து, மூடியால் மூடி, ஆறும் வரை திறக்காமல் விடுங்கள்.

* கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள்; போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகியுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறுங்கள். சமையல் கேஸ் காற்றை விடப் பாரமானது; தரையோடு தங்கி நிற்கும். குழாயில் ஒழுக்கு உண்டா என்று பார்க்கச் சவர்க்கார நுரை போதும், தீக்குச்சி வேண்டாம்.

* எரிந்து கொண்டிருக்கும் மண்ணெண்ணெய் அடுப்பில் எண்ணெய் ஊற்றாதீர்கள். அணைத்து, ஆறவிட்டு, பிறகு ஊற்றுங்கள்.

* உடுப்பில் தீப்பற்றினால் ஓடாதீர்கள். ஓடினால் காற்று அதனை வளர்க்கும். நிலத்தில் விழுந்து உருளுங்கள். பக்கத்தில் இருப்பவர் தடித்த பருத்தித் துணியால் போர்த்தி அணைக்கலாம். நைலோன் துணி உருகித் தோலில் ஒட்டும். அடுப்படியில் தொங்கும் கைகளும் நீண்ட முந்தானையும் ஆபத்து.

* சுட்ட காயத்தை ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். ஐஸ், பற்பசை, நெய், தேங்காயெண்ணெய் எதுவும் பூச வேண்டாம். வீங்கும் முன்னர் மோதிரத்தையும் வளையலையும் கழற்றுங்கள். ஒட்டிய துணியை இழுக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

* புகைக்குள் மாட்டிக் கொண்டால் குனிந்து, தவழ்ந்து வாருங்கள். நல்ல காற்று தரைக்கு அருகில்தான் இருக்கும்.

* வெளியே வந்தவர் எதற்காகவும் திரும்பிப் போகக் கூடாது. நகைக்கும் கூடாது, பாஸ்போட்டுக்கும் கூடாது, துணிக்கும் கூடாது.

* தீயணைப்புச் சேவையின் தொலைபேசி இலக்கம் 110. எல்லா ஊர்களிலும் தீயணைப்பு நிலையம் இல்லை. உங்கள் ஊருக்கு வண்டி எங்கிருந்து வரும் என்பதை இன்றே விசாரித்து வையுங்கள்.

இவையெல்லாம் பழைய காலத்துக் கதைகள் என்று எண்ணிவிட வேண்டாம். 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாட்டின் பல பாகங்களிலும் கேஸ் அடுப்புகளும் குழாய்களும் வெடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காலையில் அடுப்பு மூட்டவே பெண்கள் நடுங்கினார்கள். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது பலர் பிளாஸ்டிக் கேன்களில் பெற்றோலை நிரப்பி வீட்டுக்குள் வைத்தார்கள். கேஸ் இல்லாமல் விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் திரும்பிய இளம் பெண்களுக்குத் தணலைச் சாம்பலால் மூடும் முறை கூடத் தெரிந்திருக்கவில்லை. நெருப்பின் வடிவம் மாறுகிறது. அதன் பக்கத்தில் நிற்பவள் பெரும்பாலும் நாம்தான்.

அப்பா 2006இல் வபாத்தானார். மாளிகாவத்தை மையவாடியில் நல்லடக்கம் நடந்தது. அவரோடு வேலை செய்த முதியவர்கள் சிலர், சிங்களவர், தமிழர், மலாய்க்காரர் எல்லோருமாக வந்திருந்தார்கள். பெண்கள் பகுதிக்குள் யாரோ ஒரு மூதாட்டி வந்து உம்மும்மாவின் கையைப் பிடித்துக் கொண்டு அழுதார். எங்கள் எவருக்கும் அவரைத் தெரியாது. பல வருடங்களுக்கு முன்னர் அவர் வீடு எரிந்த இரவில் அப்பா தமது மேற்சட்டையைக் கழற்றி அவருக்குப் போர்த்திவிட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பியபடி ஒழுங்கை முனை வரை அழைத்துச் சென்றாராம். “என்ட மானத்தையும் காப்பாத்தினாரு, உயிரையும் காப்பாத்தினாரு” என்றார் அவர். அப்பா அதை எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

மனிதன் மரணித்த பின்னரும் அவனுக்குப் பலன் தருபவற்றுள் பயனுள்ள அறிவும் ஒன்று என்று நபிமொழி கூறுகின்றது. அப்பா எந்த நூலும் எழுதவில்லை. ஆனால் அவருடைய பேத்திகளின் வீடுகளிலும், பேத்திகளின் மக்களின் வீடுகளிலும் இன்று வாசற்கதவருகே ஓர் ஆணி இருக்கிறது. வெளிநாட்டில் மாடி வீட்டில் வாழும் என் தங்கையின் கதவில் கூட ஒரு பருத்தித் துப்பட்டி தொங்குகிறது. பார்ப்பவர்கள் ஏன் என்று கேட்பார்கள். கேட்டவர்களில் சிலர் தாங்களும் ஒன்று மாட்டிக் கொண்டிருக்கிறார்கள்.

இவ்விதழைக் கீழே வைத்த பிறகு உங்கள் வீட்டு ஆண்களுக்கும் இதனை வாசித்துக் காட்டுங்கள். துணியை மாட்டுவது நமது வேலை. ஆபத்து நேரத்தில் முகத்தைத் திருப்பிக் கொண்டு சால்வையைக் கழற்றிக் கொடுப்பது அவர்களுடைய வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த இளம் தாயைப் போன்ற இன்னொருத்தி திரும்பிப் போகாமல் இருப்பாள்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளையும் பிள்ளைகளையும் இவ்வுலக நெருப்பிலிருந்தும் மறுமை நெருப்பிலிருந்தும் பாதுகாப்பாயாக! பிறர் உயிரைக் காக்கத் தம் உயிரைப் பணயம் வைத்த அனைவருக்கும் அருள் புரிவாயாக! அப்பாவின் கப்ரை விசாலமாக்கி, குளிர்ச்சியாக்கி வைப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.